சங்கத்துக்கு வந்த 2யூ ரேக் சர்வர்: பாகங்கள் பொருத்துதல், மின்சாரம், ரெய்டு

கிளேர்வுட்காரன்

வணக்கம். ஒரு நிறுவனம் தன் பழைய ரேக் சர்வரை எங்கள் சங்கத்துக்கு நன்கொடையாகக் கொடுத்திருக்கிறது. டெல் பவர்எட்ஜ் ஆர்730. உயரம் 2யூ (யூ என்பது ரேக்கின் உயர அளவு, ஏறத்தாழ நாலரை செ.மீ.). முன்னால் மூன்றரை அங்குல டிஸ்குகளுக்கு எட்டு இடம், ஜியான் இ5 வி4 புராசஸர் இரண்டு, எச்730 ரெய்டு கார்டு (பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தகவல் போகாமல் காப்பது), 750 வாட் பவர் சப்ளை இரண்டு. ரேமையும் டிஸ்குகளையும் கழற்றிக்கொண்டுதான் தந்தார்கள்.

சங்கத்தின் பழைய நடவடிக்கைக் குறிப்பேடுகள், தமிழ்ப் பள்ளிப் பதிவேடுகள், தெருக்கூத்தும் பஜனையும் பதிவான கேசட்டுகள், வீடுகளில் இருந்து இரவல் வாங்கிய கல்யாணப் படங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைப்பது நோக்கம். 16 ஜிபி ரேம் எட்டு, 8 டிபி டிஸ்க் ஆறு, இயங்குதளத்துக்குச் சிறிய எஸ்எஸ்டி இரண்டு என்று வாங்க நிதி ஒதுக்கியிருக்கிறார்கள். இடம் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் உள்ள மண்டபத்தின் மாடியறை. அங்கே சுவரில் 600 மி.மீ. ஆழமுள்ள நெட்வொர்க் அலமாரி ஒன்று இருக்கிறது.

ரேமை எந்த வரிசையில் செருகுவது, ரெய்டு எப்படி அமைப்பது? மேசைக் கணினிகளைப் பிரித்துப் பூட்டிய பழக்கம் உண்டு. ரேக் சர்வர் இதுதான் முதல் தடவை.

இரவுப்பணி

தம்பி, ரேமை அப்புறம் பார்க்கலாம். அந்த அலமாரியில் இது போகவே போகாது. ஆர்730-இன் உடல் மட்டும் ஏறத்தாழ 68 செ.மீ. நீளம். பின்னால் மின்வடமும் நெட்வொர்க் கேபிளும் வளைவதற்கு இடம் வேண்டும். 600 மி.மீ. அலமாரி சுவிட்சுக்கும் பேட்ச் பேனலுக்கும் செய்தது. டிஸ்க் எல்லாம் போட்டால் எடை 30 கிலோவைத் தாண்டும். சுவரில் தொங்கும் பெட்டியில் அதை ஏற்றுவதை நான் கையெழுத்துப் போட்டு அனுமதிக்க மாட்டேன்.

தரையில் நிற்கும், 1000 மி.மீ. ஆழமுள்ள பழைய ரேக் ஒன்றைத் தேடுங்கள். அலுவலகங்கள் காலி செய்யும்போது மலிவாகக் கிடைக்கும். வாங்குமுன் மூன்றைப் பாருங்கள்: முன்தூணுக்கும் பின்தூணுக்கும் இடைவெளியை மாற்ற முடிகிறதா, துளைகள் சதுரமா, சர்வருக்கு உரிய ரெயில் கையில் இருக்கிறதா. நன்கொடை கொடுப்பவர்கள் சர்வரைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ரெயிலைப் பழைய ரேக்கிலேயே விட்டுவிடுவார்கள். போய்க் கேட்டு வாங்குங்கள். தனியாக வாங்கினால் வலிக்கும்.

கணக்குப்பிள்ளை

யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். இந்த இயந்திரம் உங்களுக்கு எதற்கு?

ஏ4 தாள் ஒன்றை 600 டிபிஐ-யில் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, சுருக்காமல் வைத்தால் ஏறத்தாழ 104 எம்பி. ஆறு டிஸ்கில் இரண்டைப் பாதுகாப்புக்கு விட்டாலும் மிஞ்சும் 32 டிபி இடத்தில் அப்படி மூன்று லட்சம் பக்கம் அடங்கும். உங்கள் சங்கத்தில் மூன்று லட்சம் பக்கம் இருக்கிறதா? நான்கு டிஸ்க் போடும் சிறிய சேமிப்புப் பெட்டி ஒன்று மேசை மேல் சத்தமில்லாமல் இதைச் செய்துவிடும். சர்வர் சும்மா நின்றாலும் டிஸ்குகளோடு 200 வாட் குடிக்கும் என்று வையுங்கள். மாதம் 144 யூனிட். உங்கள் மின்கட்டணத்தால் பெருக்கிப் பார்த்துவிட்டுச் செயற்குழுவிடம் பேசுங்கள். இலவசமாக வந்த பசுவுக்கும் தீனி நாம்தான் போட வேண்டும்.

கிளேர்வுட்காரன்

ஐயா, நியாயமான கேள்வி. தாள் மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் காவடி, மாரியம்மன் திருவிழா வீடியோக்கள் ஏராளமாக இருக்கின்றன. மாலை வகுப்பு முடிந்து பல பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து ஸ்கேன் செய்கிறார்கள். எழுத்துணரி மென்பொருளையும் இதிலேயே ஓட்டப் போகிறோம். அதற்குப் புராசஸர் பலம் வேண்டும். மின்கட்டணத்தை மண்டபக் கணக்கில் ஏற்றுக்கொள்வதாகச் செயற்குழு சொல்லிவிட்டது. ரெயில் கேட்டு வாங்கியாயிற்று. ரேக் ஒன்று பைன்டவுனில் பார்த்து வைத்திருக்கிறேன், சதுரத் துளை.

மின்கம்பி

டர்பன் பீனிக்ஸில் மின்பணி செய்கிறேன். மாடியறை என்றதும் நிம்மதி. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தரைத்தள அறைகளில் இருந்த சர்வர்கள் என்ன ஆயின என்று நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது மின்சாரம். 2024 மார்ச் இறுதிக்குப் பிறகு பல மாதங்கள் சுழற்சி மின்வெட்டு இல்லை என்றதும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். 2025 ஜனவரி இறுதியில் மறுபடி தலைகாட்டியது. தவிரவும் கேபிள் திருட்டு, துணைமின்நிலையப் பழுது என்று நம் பகுதியில் விளக்கு அணைய வேறு காரணங்கள் எப்போதும் உண்டு. ஆகவே:

யூபிஎஸ் தூய சைன் அலை தருவதாக இருக்கட்டும். சர்வரின் பவர் சப்ளையில் மின்திறன் காரணியைத் திருத்தும் சுற்று இருக்கிறது. படிக்கட்டு மாதிரியான போலி சைன் அலை வந்தால் அது முரண்டு பிடிக்கும். ஈய அமில பேட்டரியை இரண்டு மணி நேரம் காலியாக்கி, முழுதாகச் சார்ஜ் ஆகுமுன் மறுபடி காலியாக்கினால் விரைவில் செத்துப்போகும். 2023-இல் ஊரெல்லாம் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தது இதனால்தான். மின்சாரம் போன உடனே சர்வரை ஒழுங்காக நிறுத்துவதற்கு மட்டும் யூபிஎஸ் போதும். தொடர்ந்து ஓட வேண்டும் என்றால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியோடு இன்வெர்ட்டர் போடுங்கள்.

பவர் சப்ளை இரண்டையும் ஒரே யூபிஎஸ்ஸில் சொருகாதீர்கள். ஒன்று யூபிஎஸ்ஸில், இன்னொன்று நேரே சுவரில். யூபிஎஸ் பழுதானாலும் சர்வர் நிற்காது. சுவரில் போகும் சுற்றுக்கு மின்விநியோகப் பலகையில் மின்னெழுச்சித் தடுப்பான் கட்டாயம். மின்சாரம் போகும்போது வரும் சேதத்தைவிடத் திரும்பி வரும்போது வருவதுதான் அதிகம்.

சர்வருக்குத் தனிச் சுற்று இழுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பவர் சப்ளையின் வடிகட்டியும் இயல்பாகவே கொஞ்சம் மின்னோட்டத்தைப் புவி இணைப்பில் கசியவிடும். மண்டபச் சமையலறைக் கொதிகலனும் இதுவும் ஒரே 30 மில்லிஆம்பியர் எர்த் லீக்கேஜில் (கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால், அன்னதானத்தன்று சர்வர் படுத்துவிடும். வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் வாங்க மறக்காதீர்கள்.

இரவுப்பணி

மின்கம்பி சொன்னதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. இனி இயந்திரத்துக்குள் போகலாம்.

ரேக்கில் ஏற்றுமுன் மேசையில் வைத்து எல்லாவற்றையும் பொருத்தி, ஓட்டிப் பார்த்துவிடுங்கள். இரண்டு மின்வடங்களையும் கழற்றிவிட்டு மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் காற்றுக்கூடு தெரியும். அதை எடுத்தால்தான் ரேம் ஸ்லாட்டுகள் தெரியும். முடிந்ததும் திரும்ப வைக்காவிட்டால் காற்று புராசஸர் மேல் போகாமல் பக்கவாட்டில் ஓடிவிடும். மூடியில்லாமல் நெடுநேரம் ஓட்டவும் கூடாது.

ஸ்லாட் மொத்தம் 24. புராசஸர் ஒன்றுக்குப் பன்னிரண்டு: முதலாவதற்கு ஏ வரிசை, இரண்டாவதற்கு பி வரிசை. ஒவ்வொரு புராசஸருக்கும் நான்கு வழித்தடம், தடத்துக்கு மூன்று ஸ்லாட். முதல் ஸ்லாட்டுகளின் பிடிகள் வெள்ளை, இரண்டாவது கறுப்பு, மூன்றாவது பச்சை. உங்களிடம் எட்டு இருக்கிறது. வெள்ளைப் பிடி உள்ள ஏ1 முதல் ஏ4, பி1 முதல் பி4 வரை போட்டால் எட்டுத் தடமும் நிரம்பும். அதுதான் வேகமான அமைப்பு. "பக்கத்தில் பக்கத்தில்தானே இருக்கிறது" என்று எட்டையும் ஒரே புராசஸர் பக்கம் அடுக்குபவர்கள் உண்டு. இயந்திரம் ஓடும், பாதி வேகத்தில்.

வாங்கும்போது ஆர்டிம் (சர்வருக்கான ரேம் வகை) என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மேசைக் கணினி ரேம் இதில் வேலை செய்யாது. எல்ஆர்டிம் வகையையும் இதோடு கலக்க முடியாது. பழசாக வாங்குவதில் தப்பில்லை. எட்டும் ஒரே வகை, ஒரே அளவு, ஒரே வேகம் என்று இருந்தால் தலைவலி குறையும்.

தங்க விளிம்பில் விரல் படக் கூடாது. பிடி இரண்டையும் வெளியே தள்ளி, காடி பொருந்துகிறதா பார்த்து, இரு முனையிலும் கட்டைவிரலால் சமமாக அழுத்துங்கள். பிடிகள் தாமே எழுந்து மூடிக்கொள்ள வேண்டும். நீங்கள் கையால் மூட வேண்டியிருந்தால் ரேம் இன்னும் அமரவில்லை என்று அர்த்தம்.

மூடும் முன், தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். இந்த வயதுள்ள இயந்திரத்தில் அது தீர்ந்துபோயிருக்கும். கடிகாரம் பின்னோக்கிப் போனால் பதிவுக் கோப்புகளின் தேதி எல்லாம் கெட்டுவிடும்.

லெனேசியா அக்கா

ஜோஹானஸ்பர்க்கில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்க் குளிர்காலக் காற்று எலும்பாக உலர்ந்திருக்கும். கதவுப் பிடியைத் தொட்டாலே சுள்ளென்று அடிக்கும். ஆகவே மணிக்கட்டுப் பட்டை இல்லாமல் ரேமைத் தொடவே மாட்டோம். டர்பன்காரர்கள் "எங்களுக்குத்தான் ஈரக்காற்று இருக்கிறதே" என்று அலட்சியமாக இருப்பார்கள். குளிரூட்டி ஓடும் அறையில் அந்த ஈரம் எங்கே இருக்கும்? பட்டையைக் கட்டிக்கொள் தம்பி, விலை ஒன்றும் பெரிதில்லை.

உங்களுக்கு வேறு வினை இருக்கிறது, உப்புக்காற்று. சன்னலைத் திறந்து வைத்துக் குளிர்விக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. அறையை மூடிக் குளிரூட்டி போடு. முன்னால் உள்ளே போகும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருந்தால் நலம். 35 வரை தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார் என்பதற்காக அதில் குடித்தனம் நடத்தாதே.

இன்னொன்று. உறுப்பினர்களின் அடையாள எண்ணும் முகவரியும் அந்த டிஸ்கில் ஏறப்போகிறது அல்லவா? தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. சங்கம் என்பதால் விலக்கு கிடையாது. நாளைக்கு டிஸ்க் பழுதாகித் தூக்கிப் போடும்போது முதலில் அழித்துவிட்டுப் போடு.

இசட்எஃப்எஸ் அடியார்

எச்730 கார்டை, டிஸ்குகளை நேராக இயங்குதளத்திடம் விட்டுவிடும் எச்பிஏ முறைக்கு மாற்றிவிட்டு, ஆறு டிஸ்குகளையும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையின் கையில் கொடுத்துவிடுங்கள். ஆவணக் காப்பகத்துக்கு வேறு வழியை யோசிக்கவே வேண்டியதில்லை. அது ஒவ்வொரு தொகுதிக்கும் சரிபார்ப்பு எண் வைத்திருக்கிறது. பத்து வருடம் யாரும் திறக்காத படத்தில் ஒரு பிட் புரண்டாலும் கண்டுபிடித்து, மற்ற டிஸ்குகளில் இருந்து சரிசெய்துவிடும். வன்பொருள் ரெய்டு, டிஸ்க் சொன்னதை அப்படியே நம்பிவிடும்.

இரவுப்பணி

அடியாரே, நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் சங்கத்தில் இரவு பத்து மணிக்கு டிஸ்க் போனால் யார் மாற்றுவார்கள்? ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போய்ப் பார்ப்பார். வன்பொருள் ரெய்டில் மஞ்சள் விளக்கு எரியும் டிஸ்கை இழுத்து, புதியதைச் செருகினால் கார்டு தானே மறுகட்டமைப்பைத் தொடங்கிவிடும். உங்கள் முறையில் அவர் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும்.

இசட்எஃப்எஸ் அடியார்

தானாக மாற்றிக்கொள்ளும் வசதி அதிலும் இருக்கிறது. ஒரு முறை அமைத்துவிட்டால் ஆசிரியர் கட்டளை அடிக்க வேண்டியதில்லை. அரை மணி நேரம் படிக்கச் சோம்பல்பட்டு முப்பது வருட ஆவணத்தைப் பணயம் வைப்பார்கள்.

கிளேர்வுட்காரன்

இருவருக்கும் நன்றி. ரெய்டு 5 போதுமா? ஒரு டிஸ்க் மிச்சமாகும் என்று பொருளாளர் கேட்கிறார்.

இரவுப்பணி

வேண்டாம். இதில் அடியாரும் நானும் ஒரே கட்சி. 8 டிபி டிஸ்க் ஒன்றை மறுகட்டமைக்க, நொடிக்கு 150 எம்பி என்று ஓயாமல் எழுதினாலும் ஏறத்தாழ 15 மணி நேரம் ஆகும். வேலையும் நடந்துகொண்டிருந்தால் இன்னும் நீளும். அந்த நேரம் முழுவதும் மீதி டிஸ்குகள் எல்லாம் மூச்சுவாங்கும். அவற்றில் ஒன்று தடுமாறினால் ரெய்டு 5-இல் எல்லாம் போயிற்று. ரெய்டு 6 என்றால் இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். டிஸ்க் வாங்கும்போது தடங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி எழுதும் எஸ்எம்ஆர் வகையாக இல்லாமல் பாருங்கள். மறுகட்டமைப்பில் அவை ஆமையாகிவிடும். ஆறையும் ஒரே கடையில் ஒரே பெட்டியில் இருந்து எடுக்காமல், இரண்டு இடத்தில் வாங்கினால் இன்னும் நல்லது.

எஸ்எஸ்டி இரண்டையும் ரெய்டு 1 ஆக்கி (ஒன்றின் நகல் மற்றொன்றில்) இயங்குதளத்தை அதில் வையுங்கள். மூன்றரை அங்குலத் தட்டில் இரண்டரை அங்குல எஸ்எஸ்டியைப் பொருத்த இணைப்புச் சட்டம் வேண்டும், அதையும் சேர்த்து வாங்குங்கள். பூட் முறை யூஇஎஃப்ஐ.

சரிபார்ப்பு எண்தான் குறை என்றால், காப்பகத்தில் ஏறும் ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண் எடுத்துப் பட்டியலாக எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கும் நிரல் எழுதப் பத்து வரி போதும்.

இசட்எஃப்எஸ் அடியார்

பட்டியல் கெட்டுப்போனதைச் சொல்லும், சரிசெய்யாது. சொல்லிவிட்டேன்.

லெனேசியா அக்கா

சரிசெய்ய இரண்டாவது பிரதிதான் வேண்டும், அது எந்த ரெய்டாக இருந்தாலும் சரி. மண்டபத்தில் தீப்பிடித்தால் ஆறு டிஸ்கும் சேர்ந்துதான் எரியும். எங்கள் சங்கத்தில் ஒரு சேமிப்புப் பெட்டி பாதி காலியாக நிற்கிறது. இரவில் இணையம் வழியாக இங்கே அனுப்பிவிடு. முதல் பிரதியை மட்டும் டிஸ்கில் ஏற்றி யாராவது இந்தப் பக்கம் காரில் வரும்போது கொடுத்துவிடு. மறைகுறியாக்கம் செய்து அனுப்பு, நாங்களும் திறந்து பார்க்க முடியாதபடி.

கிளேர்வுட்காரன்

அக்கா, செயற்குழு உடனே சரி என்றது.

நிலவரம்: ரெய்டு 6 என்று முடிவாகிவிட்டது, அடியார் மன்னிக்க வேண்டும். சரிபார்ப்புப் பட்டியலும் உண்டு. ரேக் வந்து இறங்கிவிட்டது. பாகங்கள் பொருத்தி மேசையிலேயே ஓட்டினேன். இரண்டு சந்தேகம். எட்டு 16 என்றால் 128 ஜிபி வர வேண்டும், 112 தான் காட்டுகிறது. ஏ3-இல் பிழை என்று ஒரு செய்தி வருகிறது. ரெய்டு 6-இல் 32 டிபி எதிர்பார்த்தேன், இயங்குதளம் 29.1 என்கிறது.

இரவுப்பணி

29.1 பழுதல்ல. டிஸ்க் விற்பவர் ஆயிரத்தின் அடுக்கில் எண்ணுகிறார், இயங்குதளம் 1024-இன் அடுக்கில் எண்ணுகிறது. ஆறில் இரண்டு டிஸ்க் அளவு, பழுதானதை மீட்க உதவும் சமநிலைத் தகவலுக்குப் போக, மீதி நான்கு எட்டு முப்பத்திரண்டு. அதுவே அந்தக் கணக்கில் 29.1.

ரேமுக்கு: மின்வடங்களைக் கழற்றிவிட்டு ஏ3-இல் இருப்பதையும் பி3-இல் இருப்பதையும் இடம் மாற்றுங்கள். பிழை பி3-க்குப் போனால் ரேம் பழுது. ஏ3-இலேயே நின்றால் ஸ்லாட் அல்லது முதல் புராசஸரின் அடியில் உள்ள ஊசிகள். இரண்டாவது என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு எழுதுங்கள், புராசஸரைத் தூக்க அவசரப்பட வேண்டாம். வளைந்த ஊசியை நிமிர்த்துவது எல்லோருக்கும் கைவராது.

கிளேர்வுட்காரன்

பிழை பி3-க்குப் போய்விட்டது. கடைக்காரர் வேறு ரேம் மாற்றித் தந்தார். இப்போது 128.

இரவுப்பணி

நல்லது. இனி ஐடிராக். அதுதான் சர்வருக்குள் இருக்கும் காவல்காரன், தொலைவில் இருந்தே சர்வரைப் பார்க்கவும் இயக்கவும் உதவும் தனிச் சிறு கணினி. சர்வர் அணைந்திருந்தாலும் மின்வடம் சொருகியிருந்தால் அது விழித்திருக்கும். பழைய இயந்திரம் பெரும்பாலும் ரூட் என்ற பெயரும் ஊரறிந்த கடவுச்சொல்லுமாக, 192.168.0.120 என்ற முகவரியில் வரும். முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுவது. இரண்டாவது, அதை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடாமல் இருப்பது. பிறகு ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். மிகப் பழைய பதிப்பு என்றால் உங்கள் உலாவி அதன் பக்கத்தையே திறக்க மறுக்கும்.

ரேக்கில் ஏற்றும்போது இரண்டு பேர் வேண்டும், மூன்றாமவர் விளக்குப் பிடிக்கட்டும். யூபிஎஸ் கனமானது, அது அடியில். ஆனால் தரையோடு தரையாக வேண்டாம். துளைகளை எண்ணும்போது கவனம்: ஒரு யூவுக்கு மூன்று துளை, ஆனால் இடைவெளி சமமல்ல. 15.875, 15.875, 12.7 மி.மீ. என்று மாறி மாறி வரும். நெருக்கமாக இருக்கும் அந்த 12.7 இடைவெளியின் நடுவில்தான் ஒரு யூ முடிந்து அடுத்தது தொடங்குகிறது. ஒரு துளை தப்பினால் இடப்பக்கம் ஓர் உயரம், வலப்பக்கம் ஓர் உயரமாக நிற்கும். ரெயில் சதுரத் துளையில் கொக்கி போல் மாட்டிக்கொள்ளும். கூண்டு நட்டு யூபிஎஸ்ஸுக்கும் தட்டுக்கும்தான் தேவை.

ரெயிலின் உள்பகுதியைப் பூட்டு விழும் வரை முன்னே இழுங்கள். சர்வரின் இரு பக்கத்திலும் தலையுள்ள குமிழ்கள் இருக்கும். பின் குமிழ்களை முதலில் ரெயிலின் வளைந்த காடியில் இறக்கி, பிறகு முன்பக்கத்தைத் தாழ்த்துங்கள். எல்லாக் குமிழும் அமர்ந்த பிறகே உள்ளே தள்ள வேண்டும். டிஸ்குகளையும் பவர் சப்ளைகளையும் கழற்றிவிட்டு ஏற்றினால் முதுகு வாழ்த்தும். கழற்றுமுன் டிஸ்குகளில் எண் ஒட்டி, அதே இடத்தில் திரும்பப் போடுங்கள்.

மின்கம்பி

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. பயாஸில் "மின்சாரம் திரும்பியதும் என்ன செய்வது" என்ற அமைப்பு இருக்கும். பலரும் "முந்தைய நிலை" என்று விட்டுவிடுகிறார்கள். யூபிஎஸ் சொல்லி சர்வர் ஒழுங்காக நின்றிருந்தால் முந்தைய நிலை என்பது அணைந்த நிலைதானே? மின்சாரம் வந்தாலும் எழாது. "இயக்கு" என்று வையுங்கள். கூடவே தாமதம் வைக்கும் வசதியும் உண்டு. மின்சாரம் திரும்பிய முதல் நிமிடத்தில் வோல்டேஜ் குதிக்கும். சில நிமிடம் கழித்து எழுந்தால் போதும்.

இரவுப்பணி

சரியான குறிப்பு. ஆனால் நீங்கள் சொன்ன சுவர் இணைப்பாலேயே இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சர்வர் நிறுத்தத்தைத் தொடங்கிய பிறகு, யூபிஎஸ் தன் வெளியீட்டைத் துண்டிக்கும் முன் சுவரில் மின்சாரம் திரும்பிவிட்டால், ஒரு பவர் சப்ளைக்கு மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதனால் "மின்சாரம் போய் வந்தது" என்பதே இயந்திரத்துக்குத் தெரியாது, அணைந்தபடி கிடக்கும். அப்போது ஐடிராக் வழியாக வீட்டில் இருந்தே எழுப்பிவிடலாம், சங்கத்தின் சுவிட்சும் ரூட்டரும் யூபிஎஸ்ஸில் இருந்தால். அவற்றையும் அதிலேயே சொருகுங்கள்.

கிளேர்வுட்காரன்

ஏற்றியாயிற்று. மெயின் சுவிட்சை அணைத்துச் சோதித்தோம்: யூபிஎஸ் சொன்னபடி நின்றது, மூன்று நிமிடத் தாமதத்துடன் தானே எழுந்தது. டெபியன் இயங்குதளம் நிறுவி, என்யூடி மென்பொருள் யூபிஎஸ்ஸோடு பேசுகிறது. நேரம் நம் நாட்டு நேரத்தில் இருக்கிறது. கணக்குப்பிள்ளை ஐயாவுக்காக மின்னளவியும் மாட்டியிருக்கிறோம். சும்மா நிற்கும்போது 170 வாட்டை ஒட்டிக் காட்டுகிறது.

ஒரே ஒரு குறை. சனிக்கிழமை மாலை ஸ்கேன் செய்பவர்கள் கோப்புத் திறக்கத் தாமதமாகிறது என்கிறார்கள். மற்ற நாள்களில் அந்தப் புகார் இல்லை.

கணக்குப்பிள்ளை

170 பரவாயில்லை. நான் பயந்ததைவிடக் குறைவு. மாதம் 122 யூனிட் என்று எழுதிக்கொள்ளுங்கள். குளிரூட்டி தனிக் கணக்கு.

இரவுப்பணி

ரெய்டு கார்டின் முரண்பாட்டுச் சோதனையும் டிஸ்க் ரோந்தும் எந்த நேரத்துக்கு வைக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். இரண்டும் எல்லா டிஸ்குகளையும் முழுவதும் வாசிக்கும். நிறுத்திவிடாதீர்கள், அவை கட்டாயம் வேண்டும். வகுப்பு இல்லாத நாளின் நள்ளிரவுக்குத் தள்ளுங்கள். லெனேசியாவுக்குப் பிரதி போகும் நேரத்தோடும் மோதாமல் இருக்கட்டும்.

கிளேர்வுட்காரன்

அதேதான். சோதனை சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு என்று பழைய உரிமையாளர் வைத்தபடியே இருந்தது. செவ்வாய் அதிகாலை ஒரு மணிக்கு மாற்றிவிட்டேன். பிரதி செவ்வாய் இரவு முதல் ஞாயிறு இரவு வரை மட்டும் போகும்.